எலிக்குட்டியும் கடல்குதிரையும்

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரம், எல்.ஐ.சி. பாலிசி, பிள்ளைகளின் டி.சி. எல்லாம் இருக்கிற தட்டில், மடிக்க முடியாத பெரிய கவர் ஒன்று செருகியிருக்கும். ஸ்கேன் சென்டர் பெயர் போட்ட கவர். உள்ளே யாருடைய முதுகோ, யாருடைய முழங்காலோ இருக்கும். அந்த ஆள் குணமாகி வருஷக்கணக்காகியிருக்கும். அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். ஆனாலும் அந்தக் கவரைப் பழைய பேப்பர்காரருக்குப் போட யாருக்கும் மனசு வராது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அப்பாவின் மூளை!

2011-ல் எடுத்தது. அப்போது அப்பாவுக்கு 74 வயது. தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் தபால்காரராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தவர். எந்த வீட்டுப் பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், எந்த வீட்டுக்கு மாசம் எந்தத் தேதியில் மணியார்டர் வரும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மா போன பிறகு எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர், காலையில் இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "ஏம்மா, இன்னிக்கி டிபன் கிடையாதா?" என்று என் மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார். முதல் தடவை சிரித்தோம். நாலாவது தடவை சிரிக்க முடியவில்லை. பேரனை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு நாள் பால் வாங்கப் போனவரை மத்தியானம் ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். "பெரியவர் தெருப் பேர் மறந்துட்டாரு சார். ஆனா பின்கோடு கரெக்டா சொன்னாரு" என்றார். தபால்காரர் அல்லவா?

ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவர் கைக்கு வந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்ததோ திங்கட்கிழமை. நடுவில் மூன்று ராத்திரி.

'டாக்டரிடம் கொடுக்கவும்' என்று ஒட்டியிருக்கும் கவரைப் பிரிக்காமல் கொடுத்த ஒரு தமிழனை எனக்குக் காட்டுங்கள், அவருக்கு மாலை போடுகிறேன். பஸ் ஸ்டாப்பிலேயே நின்று பிரித்தேன். இங்கிலீஷ்தான். ஆனால் இங்கிலீஷ் இல்லை. 'செல்லா டர்சிகா' நார்மல் என்று போட்டிருந்தது. நார்மல் என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனால், 'ஹிப்போகேம்பஸ்' இரண்டு பக்கமும் 'அட்ராபி' என்றிருந்தது. நார்மல் என்ற வார்த்தை அங்கே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். நலம் விசாரிக்க வந்த ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "அட்ராபின்னா கட்டியா இருக்குமோ?" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை, அப்பாவைத் தவிர.

உங்களுக்கும் இது நடந்திருக்கும். நோயைவிட நோயின் பெயர் முதலில் பயமுறுத்தும். தெரிந்த பாஷையில் கெட்ட செய்தி சொன்னால் அழலாம். தெரியாத பாஷையில் சொன்னால் அழுவதா வேண்டாமா என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை எதிர் ஃப்ளாட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுப் பெண் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ரிப்போர்ட்டைப் பார்த்தாள். "கட்டியெல்லாம் இல்ல அங்கிள். அட்ராபின்னா சுருங்கியிருக்குன்னு அர்த்தம். ஹிப்போகேம்பஸ் ஞாபக சக்தி சம்பந்தப்பட்ட இடம். மத்தது டாக்டர்தான் சொல்லணும்" என்றாள்.

"அது என்னம்மா பேரு, ஹிப்போகேம்பஸ்?"

"கடல்குதிரை அங்கிள். நிஜமாவே அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய், தலையணை சைஸில் ஒரு மருத்துவ அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுல எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. எங்களுக்கு மனப்பாடம் பண்றதுக்கே நேரம் சரியா போயிடும். நீங்க வேணா படிச்சிப் பாருங்க."

படித்தேன். ராத்திரி இரண்டு மணி வரை. பயந்துகொண்டுதான் ஆரம்பித்தேன். ஆனால் நடுவில் நானே அறியாமல் சிரித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜிம்முக்குப் போகிற பையன்கள் சட்டைக் கையை மடித்து 'ஆர்ம்ஸ்' காட்டுவார்கள் இல்லையா? அந்தச் சதைக்குப் பொதுப்பெயர் மஸ்குலஸ். மசில் என்கிற வார்த்தையே அதிலிருந்து வந்ததுதான். லத்தீனில் மஸ்குலஸ் என்றால் என்ன தெரியுமா? எலிக்குட்டி! கையை மடக்கி நீட்டும்போது தோலுக்கு அடியில் சின்ன எலி ஒன்று ஓடுகிற மாதிரி இருந்ததாம் அந்தக் காலத்து ஆட்களுக்கு. மாசம் ஆயிரம் ரூபாய் கட்டி, முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டு நம் பிள்ளைகள் வளர்ப்பது எலிக்குட்டியைத்தான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. பெரியது டிபியா. அது ரோமானியர்கள் ஊதிய குழல் வாத்தியத்தின் பெயர். பக்கத்தில் இருக்கும் ஒல்லி எலும்பு ஃபிபுலா. அது அவர்கள் மேலாடையைக் குத்திக்கொள்ளும் ஊக்கு. முழங்கால் சில்லுக்குப் பெயர் பட்டெல்லா, அதாவது சின்னத் தட்டு. தொடை எலும்பின் தலை வந்து உட்காருகிற இடுப்புக் குழி அசிட்டாபுலம். ரோமானியர் சாப்பாட்டு மேஜையில் வைத்த வினிகர் கிண்ணம். தொண்டையில் தொங்கும் உள்நாக்கு உவுலா என்றால் குட்டித் திராட்சை. காதுக்குள் சுருண்டிருக்கும் காக்ளியா நத்தை. கண்ணில் இருக்கும் லென்ஸ்? பருப்பு! நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்கிறார்களே, அதைத் தோலோடு முழுசாகப் பார்த்தால் தெரியும், அந்த வடிவம்தான்.

சம்மணம் போட்டு உட்காரக் காலை மடக்கித் திருப்புகிறோமே, அதற்கு உதவும் சதைக்கு சார்டோரியஸ் என்று பெயர். உடம்பிலேயே நீளமான சதை. சார்டோர் என்றால் தையல்காரர். பழைய தையல்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் தைப்பார்கள். கன்னத்துச் சதை பக்சினேட்டர். எக்காளம் ஊதுகிறவர் என்று அர்த்தம். அடுத்த முறை கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் கன்னத்தைப் பாருங்கள், பெயர் வைத்தவரை மெச்சுவீர்கள். முதுகெலும்பின் கடைசியில் வால் மாதிரி இருக்கும் எலும்பு காக்சிஸ். கிரேக்கத்தில் குயில். அதன் வளைந்த மூக்கு மாதிரி இருக்கிறதாம். தலையில் புறப்பட்டு, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று ஊர் சுற்றும் நரம்பு வேகஸ், அதாவது நாடோடி.

இத்தனைக்கும் மேலே ஒன்று. மேலுதட்டையும் மூக்கோரத்தையும் தூக்குகிற ஒரு துளிச் சதை இருக்கிறது. அதன் பெயர் லெவேட்டர் லேபியை சுப்பீரியோரிஸ் அலேக்வி நேசை. ஐந்து வார்த்தை! 'மேலுதட்டையும் மூக்கின் இறக்கையையும் தூக்குவது' என்று அர்த்தம். எதற்கு உபயோகம்? சம்பந்தி வீட்டுச் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு மூக்கைச் சுளிப்பதற்கு.

இதையெல்லாம் படித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. நான் பயந்துகொண்டிருந்த அந்தப் பெரிய பாஷை முழுக்க அடுப்படிச் சாமானும், தையல்காரரும், எலியும் நத்தையும்தான்.

ஆனால் அதை எனக்குச் சரியான ஒரு வார்த்தையில் சொன்னவர் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் அகராதியோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா காபி டம்ளரோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னப்பா படிக்கிற?"

"உடம்புல இருக்கற எலும்பு, நரம்புக்கெல்லாம் லத்தீன்ல என்ன பேருன்னு போட்டிருக்குப்பா" என்று எலிக்குட்டி, தட்டு, நாடோடி எல்லாவற்றையும் சொன்னேன். காதுத் துளைக்கு முன்னால் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு மேடு, அதற்கு ட்ராகஸ் என்று பெயர், கிரேக்கத்தில் ஆட்டுக்கடா, வயசானால் அங்கே ஆட்டுத் தாடி மாதிரி மயிர் வளர்வதால் அந்தப் பெயர் என்றேன். அப்பா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கடகடவென்று சிரித்தார்.

"அட, பட்டப்பேருதான? நம்ம ஊரு கணக்கா!"

அப்புறம் அவரே சொன்னார். ஒரே தெருவில் நாலு ராமசாமி இருப்பார்களாம். கவரில் விலாசம் எழுதியிருப்பது போதாது. ஒத்தப்பனை வீட்டு ராமசாமியா, கடிகார வீட்டு ராமசாமியா என்று தெரிந்தால்தான் கடுதாசி போய்ச் சேரும். "கவர்ல இருக்குறது கவர்ன்மென்ட்டுக்கு. பட்டப்பேருதான்ப்பா ஆளக் காட்டும்" என்றார்.

அன்று எனக்கு அகராதி சொல்லாததை அப்பா சொல்லிவிட்டார். உடம்பை முதன்முதலில் திறந்து பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள் மாதிரிதான் செய்திருக்கிறார்கள். பார்த்தார்கள், எது மாதிரி இருக்கிறதோ அந்தப் பெயரை வைத்தார்கள். என்ன, அவர்கள் வைத்த பட்டப்பெயர் லத்தீனில் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவர்கள் எல்லோருக்கும் பொதுவான எழுத்து பாஷை லத்தீன். இத்தாலிக்காரர் எழுதினால் போலந்துக்காரர் படிக்கலாம். கிரேக்கப் பெயர்களையும் அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். 1543-ல் வெசேலியஸ் என்பவர் மனித உடம்பைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் லத்தீனில்தான் வந்தது. பிறகு லத்தீன் பேசுவார் இல்லாமல் போனது. அதுவும் ஒரு வசதி. பேசாத பாஷையில் அர்த்தம் நாளுக்கு நாள் மாறாது அல்லவா?

பட்டப்பெயர் என்றால் குழப்பமும் வரும். ஒரே எலும்புக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் எண்ணிப் பார்த்தால், சுமார் 50,000 பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. 1895-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தில் கூடி, அதைச் சலித்துச் சலித்து சுமார் 5,500-க்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஆட்களின் பெயரையும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. கருக்குழாய்க்கு 16-ம் நூற்றாண்டு இத்தாலிய டாக்டர் ஃபாலோப்பியோவின் பெயர் இருந்தது. அது பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆனால் இன்றைக்கும் எல்லோரும் 'ஃபாலோப்பியன் டியூப்' என்றுதான் சொல்கிறார்கள். நம் தெருக்களின் கதைதான். போர்டில் புதுப்பெயர், ஆட்டோக்காரரிடம் சொல்லப் பழைய பெயர்.

இதில் நம்மவர்கள் சளைத்தவர்கள் இல்லை. கெண்டைக்கால் என்கிறோமே, முழங்காலுக்குக் கீழே பின்புறம் திரண்டிருக்கும் அந்தச் சதையில் நாம் பார்த்தது கெண்டை மீன். அதே சதையைப் பார்த்த கிரேக்கர்களுக்குத் தெரிந்தது தொப்பை. 'காலின் வயிறு' என்று பெயர் வைத்தார்கள். தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் எலும்பு லத்தீனில் கிளாவிகுலா, சின்னச் சாவி. நம் பாடப்புத்தகத்தில் அது காறை எலும்பு. காறை என்பது கழுத்தில் போடும் நகை. அவர்கள் வீட்டுச் சாவியைப் பார்த்த இடத்தில் நாம் நகையைப் பார்த்திருக்கிறோம்!

எனக்கு ரொம்பப் பிடித்தது கண். கருவிழி நடுவில் இருக்கும் ஓட்டைக்கு இங்கிலீஷில் ப்யூபில். லத்தீனில் பூப்பில்லா என்றால் சின்னப் பெண், பொம்மை. ஒருவர் கண்ணுக்குள் கிட்டேபோய்ப் பார்த்தால், அங்கே குட்டிப் பொம்மையாக நாமே தெரிவோம். அதனால் அந்தப் பெயர். தமிழில் அதற்கு என்ன பெயர்? பாவை. கண்ணின் பாவை. பாவை என்றாலும் பொம்மைதான், பெண்தான். ரோமாபுரியில் ஒருவர் தன் பிள்ளையின் கண்ணுக்குள் பார்த்திருக்கிறார். இங்கேயும் ஒருவர் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தை தோன்றியிருக்கிறது.

தமிழிலேயே இதையெல்லாம் சொல்ல முடியும் என்று காட்டிய ஒரு அமெரிக்கரும் உண்டு. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனரி டாக்டர். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே, அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழிலேயே டாக்டர் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். கிரேயின் புகழ்பெற்ற புத்தகம் தமிழில் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. அந்தப் பெயரும் கொஞ்சம் மிரட்டத்தான் செய்கிறது, இல்லையா? ஆனாலும் அது நம் வாசல் வரை வந்த மிரட்டல்.

சரி, பால்கனிக்கு வருகிறேன்.

சிரித்து முடித்த அப்பா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு என்னன்னு போட்டிருக்கு?"

நாங்கள் ரிப்போர்ட்டை அவர் கண்ணில் காட்டாமல் ஒளித்துத்தான் வைத்திருந்தோம். அவர் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மூளைக்குள்ள ஒரு கடல்குதிரை இருக்காம்ப்பா. உங்களுக்கு அது கொஞ்சம் சின்னதாயிடுச்சாம்."

"கடல்குதிரையா?" அப்பாவின் முகம் மாறிவிட்டது. "கரைவலையில வருமேப்பா!"

சொல்ல ஆரம்பித்தார். சின்னப் பையனாக இருக்கும்போது விடிகாலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு ஓடுவாராம். வலையின் ஓரத்தில் பாசியோடு சேர்ந்து கடல்குதிரை ஒட்டிக்கொண்டு வருமாம். மீன்காரர்களுக்கு அது வேண்டாம், எடுத்து வீசிவிடுவார்கள். பையன்கள் பொறுக்கி மணலில் காயவைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்களாம். "வாலு இப்படிச் சுருட்டிக்கிட்டிருக்கும்" என்று சுண்டுவிரலைச் சுருட்டிக் காட்டினார். அரை மணி நேரம் பேசினார். அந்த ஆறு மாசத்தில் அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினார்.

"என்னப்பா படிக்கிற?"

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் பேச வரவில்லை. பிறகு முதலிலிருந்து சொன்னேன். எலிக்குட்டி, தட்டு, நாடோடி. ஆட்டுக்கடா வந்தபோது மறுபடியும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அதே இடத்தில், அதே மாதிரி கடகடவென்று சிரித்தார்.

திங்கட்கிழமை டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். பொதுவாக நான் டாக்டர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வந்து மனைவியிடம் 'என்ன சொன்னார்?' என்று கேட்கிற ரகம். அன்று அப்படி இல்லை. "ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்குன்னு தெரியுது டாக்டர். அதனால என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பா என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப ஈஸியா சொல்லிடலாம் சார். இந்த இடம் ஒரு போஸ்ட் ஆபீஸ் மாதிரி. புதுசா வர்ற கடுதாசியை வாங்கி, முத்திரை குத்தி, அனுப்பி வைக்கிற இடம். அங்க ஆள் குறைஞ்சு போச்சு. இன்னிக்கு வர்ற கடுதாசி அங்கேயே தொலைஞ்சு போகும். அம்பது வருஷத்துக்கு முன்னாடி டெலிவரி ஆனது இருக்கு பாருங்க, அது அங்கங்க வீடுகள்ல பத்திரமா இருக்கும். ரொம்ப நாள் இருக்கும்."

அல்ஸைமர் என்ற வார்த்தையையும் சொன்னார். குணமாகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிற மருந்துகள் வந்திருக்கின்றன. முழுசாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தக் கடல்குதிரைக்குப் பெயர் வைத்தவர் இத்தாலியில் பொலோன்யா நகரத்து டாக்டர் அரான்ஸியோ. 1587-ல். அவருக்கே சந்தேகம்: கடல்குதிரையா, பட்டுப்புழுவா என்று. 18-ம் நூற்றாண்டில் வேறு சிலர், இல்லை, ஆட்டுக்கடாவின் கொம்பு என்றார்கள். இத்தனை பேர் பெயர் வைத்தார்களே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்கிற இளைஞருக்கு வலிப்பு நோயை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியில் பெரும்பாலானதை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனசில் தங்கவில்லை. தினமும் வருகிற டாக்டரிடம் தினமும் புதிதாக அறிமுகமானார். 2008-ல் சாகும்வரை அப்படியே இருந்தார். 1957-ல் அவரைப் பற்றி வந்த கட்டுரைக்குப் பிறகுதான் அந்த இடத்தின் வேலை உலகத்துக்குப் புரிய ஆரம்பித்தது. பெயர் வைத்து 370 வருஷம் கழித்து!

கடல்குதிரையில் இன்னொரு விசேஷம் உண்டு. குட்டிகளை வயிற்றுப் பையில் சுமந்து பெறுவது ஆண்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நான் ஒன்னையச் சைக்கிள் பார்ல வச்சு மிதிச்சனே, அது கணக்கா" என்றார். அந்தச் சைக்கிள் கடுதாசி டெலிவரி ஆகிவிட்டிருந்தது. பத்திரமாக இருந்தது.

அப்பா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். கரைவலைக் கதையை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்போம். என் பையன் முதலில் சலித்துக்கொண்டான். பிறகு அவனே, "தாத்தா, கடல்குதிரை பாத்திருக்கீங்களா?" என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தான். அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை. பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பேரன் பெயர், மருமகள் பெயர், கடைசியில் என் பெயர். என்னை 'ஒத்தப்பனை வீட்டுத் தம்பி' என்று கூப்பிட்டார். எங்கள் வீட்டில் பனைமரம் கிடையாது. ஆனால் நான் தபால் வாங்கிக்கொள்ளத் தகுந்த, தெரிந்த வீட்டு ஆள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டப்பெயர்தான் ஆளைக் காட்டும் என்று அவர்தானே சொன்னார்.

கடைசி மாசங்களில் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா எங்க?" என்பார். 1960-களில் போன அவருடைய அம்மா. நான் அகராதியில் படித்த ஒன்று அப்போது ஞாபகத்துக்கு வரும். மூளையை மூடியிருக்கும் உறைகளில் வெளியே இருப்பது டியூரா மேட்டர், மூளையோடு ஒட்டி உள்ளே இருப்பது பியா மேட்டர். மேட்டர் என்றால் லத்தீனில் தாய். டியூரா கெட்டியான தாய். பியா பாசமான தாய். அரபு வைத்தியர்கள் ஒன்றைப் பொத்திப் பாதுகாக்கிற எதையும் 'தாய்' என்று சொல்வார்கள். 12-ம் நூற்றாண்டில் அதை லத்தீனுக்கு மாற்றியவர் அப்படியே தாய் என்று மாற்றிவிட்டார். ஆக, நம் எல்லோர் தலைக்குள்ளும் இரண்டு அம்மா. ஒருத்தி கண்டிப்பு, ஒருத்தி செல்லம்.

"இங்கதான்ப்பா இருக்காங்க. படுங்க" என்பேன். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் இருக்காது. அவரும் படுத்துக்கொள்வார்.

ஒரு விஷயம் மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் கையில் அப்படி ஒரு கவர் வந்தால், புரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், கூச்சப்படாமல் "அப்படின்னா என்ன சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது ஒரு தட்டாக இருக்கும், ஊக்காக இருக்கும், நாடோடியாக இருக்கும். தெரிந்துகொண்டதால் நோய் குறையாது. ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரத் தைரியம் வரும்.

போன மாசம் பீரோவை ஒழித்தோம். அந்தக் கவர் வந்தது. "இது எதுக்கு இன்னும்?" என்றாள் மனைவி. காலேஜ் படிக்கிற பையன் அதை வாங்கி, ஃபிலிமை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் தேடினான்.

"இதுல எதுப்பா கடல்குதிரை?"

எனக்கும் சரியாகக் காட்டத் தெரியவில்லை. கவருக்குள் போட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டோம்.